மலரின் கெண்டைக்கால்

வசந்தமலரின் இடது கெண்டைக்காலை இன்னொரு பெண்ணின் ஸ்கேட்டிங் பிளேட் கிழித்தபோது அவளுக்கு இருபது வயது. எண்பத்தைந்தாம் ஆண்டு மே மாதம். வேலைக்குப் போகுமுன் எடுக்கிற காலைப் பயிற்சி. ஏவன்டேல் ஐஸ் ரிங்கில் அன்று ஆறேழு பேர்தான் இருந்தார்கள்.

மலருக்கு முதலில் வலிக்கவேயில்லை. யாரோ பின்னாலிருந்து ஈரத்துணியால் அடித்ததுபோல இருந்தது. காலை ஊன்றப் பார்த்தாள். ஊன்ற அங்கே ஒன்றும் இல்லாததுபோல மடிந்து விழுந்தாள். வெள்ளை ஐஸில் சிவப்பு பரவியதைக் கண்ட பிறகுதான் கத்தினாள். அவளைவிடப் பெரிதாகக் கத்தியது மற்றப் பெண், லினெட்.

மலர் எட்டு வயதில் கொக்குவிலிலிருந்து ஓக்லாந்துக்கு வந்தவள். அப்பா சோதிலிங்கம் நகரசபையில் படவரைஞர். அம்மா சரோஜாதேவி ஏவன்டேலில் ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் தைத்தார். மவுண்ட் ஆல்பர்ட்டில் பழைய மரவீடு ஒன்றை வாங்கி, குளிர்காலத்தில் மூன்றுபேரும் ஒரே ஹீட்டரின் முன்னால் குந்தியிருந்து சாப்பிட்டு, ஊர்ச் சனம் என்று சொல்லிக்கொள்ளப் பத்துக் குடும்பம்கூட இல்லாத நாட்களில் வளர்ந்த ஒற்றைப் பிள்ளை. தெருச் சரிவில் சில்லு வைத்த சப்பாத்து போட்டு ஓடித் திரிந்தவளைப் பதினைந்து வயதில் ஒரு சிநேகிதி ஐஸ் ரிங்குக்குக் கூட்டிப்போனாள். அன்றே பிடித்துக்கொண்டது.

இந்த விளையாட்டுக்குப் பதினைந்து என்பது கிழட்டு வயது. ஏழு வயதுப் பிள்ளைகள் சுழன்றுவிட்டுப் போகிற இடத்தில் மலர் விழுந்து விழுந்து எழும்பினாள். பெரிய வீராங்கனை ஆகப் போவதில்லை என்று அவளுக்கும் தெரியும், கோச் மாரியனுக்கும் தெரியும். ஆனாலும் இருபதாவது வயதில் இடைநிலைப் பெண்கள் பிரிவில் போட்டியிடுகிற அளவுக்கு வந்துவிட்டாள். நகரத்தில் ஒரு வங்கியில் கவுன்ட்டரில் வேலை. விடியற்காலையில் அப்பா காரில் கொண்டுவந்து விடுவார். பயிற்சி முடிந்ததும் ஏவன்டேலில் ரயில் ஏறி வேலைக்குப் போவாள்.

போட்டிக்கான உடுப்பை அம்மாதான் தைப்பார். தைக்கும்போதெல்லாம் ஒரு வழக்கு நடக்கும்.

"உதிலை இன்னும் ஒரு சாண் துணி கூட்டித் தைச்சால் ஐஸ் கோவிக்குமே?"

"காலிலை தடக்கும் அம்மா."

"தடக்கினால் மெதுவாய்ப் போ."

லினெட் பதினெட்டு வயது வெள்ளைக்காரப் பெண். உயரமானவள், வேகமானவள். ரிங்கின் மூலைக்குப் பின்பக்கமாகவே நீள வழுக்கி வந்து, ஒரு காலைப் பின்னால் எட்டிக் குத்தி மேலே எழும்புகிற 'லட்ஸ்' என்ற தாவல் அவளுக்குக் கைவந்தது. அதைத் தாவுகிறவருக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. அதனால்தான் ரிங்கில் ஒரு விதி: யாருடைய பாட்டு ஒலிக்கிறதோ அவருக்கே வழி. மற்றவர்கள் விலகவேண்டும்.

அன்று ஒலித்தது லினெட்டின் பாட்டு. நடுவில் நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்த மலர், சுழற்சியை முடித்துத் தலை கிறுகிறுக்க, வலது காலில் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு அந்த மூலைக்குள் போனாள். இடது கால் பின்னால் நீட்டியிருந்தது. லினெட் தன் காலைப் பின்னால் எறிந்தாள். இரண்டு பேருடைய முதுகுகளும் ஒன்றையொன்று பார்த்திருந்தன.

சதை ஆழமாக அறுந்து, குதிநாணோடு சேருகிற இடத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தது. அன்றே ஆஸ்பத்திரியில் தைத்து, பாதம் கீழ்நோக்கி நீட்டியபடி பிளாஸ்டர் போட்டார்கள். சத்திரசிகிச்சை செய்த டாக்டர் உண்மையை மறைக்கிற ஆளல்ல. நடப்பாய், அதில் சந்தேகமில்லை; ஐஸைப் பற்றி அடுத்த வருடம் கதைப்போம் என்றார்.

மலர் மயக்கம் தெளிந்ததும் அம்மாவிடம் சொன்னது ஒன்றுதான்.

"அம்மா, பிழை என்ரை. நான்தான் அவளின்ரை வழியிலை போனனான்."

"நீ சும்மா கிட. ஆரும் காலாலை வெட்டுவினமே? கண் எங்கை வைச்சிருந்தவள்?"

"அவளின்ரை பாட்டு அம்மா. நான் விலகியிருக்கோணும்."

சரோஜாதேவி கேட்கவில்லை. பிள்ளையின் கால் அறுந்து கிடக்கும்போது பிள்ளையின் பிழை என்பதை எந்தத் தாய் கேட்பாள்?

இரண்டாம் நாள் பின்னேரம் லினெட் பூக்கொத்தோடு வந்து வார்ட் வாசலில் நின்றாள். சரோஜாதேவி எழும்பிப் போய், வழியை மறித்தபடி, மகள் நித்திரை என்று ஆங்கிலத்தில் சொன்னார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. லினெட் பூக்களைத் தாதியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

"அம்மா, நான் முழிச்சுத்தானே கிடந்தனான்?"

"கண்ணை மூடு. நித்திரை வரும்."

அந்த நாட்டில் விபத்துக்கு ஒரு விசித்திரமான நீதி இருந்தது. யார் பிழை என்று யாரும் கேட்பதில்லை. விபத்தா, சரி, அரசாங்கத்தின் விபத்துத் திட்டம் வைத்தியத்தைப் பார்த்துக்கொள்ளும். சரோஜாதேவிக்கு அது நம்பமுடியாததாக இருந்தது. "அப்ப, ஆர் செய்தது எண்டு ஒருத்தரும் விசாரிக்க மாட்டினமோ?" என்று கணவரைத் திரும்பத் திரும்பக் கேட்டார். விசாரிக்க மாட்டார்கள்தான். அதனால் ஒரு தீர்ப்பும் வரவில்லை. ரிங்கில் அவரவர் தமக்குத் தெரிந்த தீர்ப்பை வைத்துக்கொண்டார்கள். லினெட் எப்போதும் அவசரக்காரி, திரும்பிப் பார்த்திருக்கமாட்டாள் என்றார்கள். மலர் தொலைபேசியில் யாரிடம் தன் பிழை என்று சொன்னாலும், "நீ நல்ல பிள்ளை, அப்படித்தான் சொல்வாய்" என்று பதில் வந்தது. அவளுடைய உண்மையை எல்லோரும் நற்குணமாக எடுத்துக்கொண்டார்கள்.

பிளாஸ்டர் வெட்டிய நாளில் மலர் தன் காலைப் பார்த்துத் திடுக்கிட்டாள். சதை வற்றி, எலும்பில் தோல் போர்த்ததுபோல இருந்தது.

"என்ன பிள்ளை இது," என்றார் அம்மா, "முருங்கைக்காய் மாதிரிக் கிடக்கு."

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார். மலருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அதன்பின் பிசியோதெரபி. முதலில் விரல்களைத் தன் பக்கம் மடக்குவதே வேலை. பிறகு கையூன்றிக்கொண்டு குதியை உயர்த்துவது. குசினியில் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உயர்த்தினாள்; வங்கியில் வாடிக்கையாளருக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும்போது கவுன்ட்டருக்குக் கீழே உயர்த்தினாள். குளிரான காலைகளில் தழும்பு இழுத்தது. சில நாட்கள் முன்னேறினாள், சில நாட்கள் முந்தைய வாரத்துக்குத் திரும்பினாள். பிசியோதெரபிஸ்ட் நல்ல மனிதர், பேச்சுக் குறைவு. ஒருநாள் மட்டும் இடது காலில் தனியாக நின்று குதி உயர்த்தச் சொல்லி, அவள் உயர்த்தியபோது, "அட!" என்றார். அந்த 'அட' அவளுக்கு ஒரு மாதத்துக்குப் போதுமாக இருந்தது.

ஒக்டோபரில், அந்த நாட்டு வசந்தகாலத்தில், மாரியன் அவளை மறுபடி ஐஸில் இறக்கினார். தாவல் இல்லை, சுழற்சி இல்லை, எட்டு மட்டும். அந்தக் காலத்தில் போட்டியின் ஒரு பகுதி ஐஸில் எட்டுப் போடுவது. ஒற்றைக் காலில் மெதுவாக ஒரு வட்டம், மற்றக் காலில் இன்னொரு வட்டம். பிளேட் பதித்த கோட்டை நடுவர்கள் குனிந்து பார்த்துப் புள்ளி போடுவார்கள். அந்த எட்டுப் பயிற்சியை இளம் பெண்கள் எல்லோரும் அலுப்பு என்று வெறுப்பார்கள். மலருக்கு அது மருந்தாக அமைந்தது. இடது காலின் கோடு முதலில் புழு ஊர்ந்ததுபோல நெளிந்தது. வாரங்கள் போகப் போக நெளிவு அடங்கியது.

ஆனால் ஒன்று மட்டும் திரும்பவில்லை. வேகமாகப் பின்பக்கமாகப் போக அவளால் முடியவில்லை. பின்னால் பிளேட் உரசுகிற சத்தம் எங்காவது கேட்டால் போதும், உடம்பு தானாகவே நின்றுவிடும். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"கால் ஆறிவிட்டது," என்றார் மாரியன். "கழுத்துத்தான் ஆறவில்லை."

"லினெட் வருவதில்லையா?" என்று மலர் கேட்டாள்.

மே மாதத்துக்குப் பிறகு அவள் வரவேயில்லை என்றும், கூப்பிட்டால் தொலைபேசிக்கு வருவதில்லை என்றும், நியூ லினில் தன் மாமியின் டெய்ரியில், அதாவது சின்ன மூலைக்கடையில், நிற்கிறாள் என்றும் மாரியன் சொன்னார். எல்லோரும் மலரின் காலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்த மாதங்களில் அங்கே ஒருத்தி ஸ்கேட்டிங்கையே விட்டுவிட்டிருந்தாள்.

அன்று வேலை முடிந்து ரயிலில் வந்த மலர் வீட்டுத் தரிப்பில் இறங்கவில்லை. நியூ லின் வரை போனாள்.

டெய்ரியில் லினெட் பால் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவளுடைய முகம் வெளுத்தது.

"கால் எப்படி?" என்று கேட்டாள்.

"பார்." மலர் காற்சட்டையை உயர்த்திக் காட்டினாள். லினெட் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"லினெட், அன்று பிழை என்னுடையது. உன் பாட்டு போய்க்கொண்டிருந்தது. நான் பார்க்காமல் மூலைக்குள் வந்தேன்."

"நீ அப்படித்தான் சொல்வாய் என்று எல்லோரும் சொன்னார்கள். நீ மிகவும் நல்லவள், மலர். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்."

மலருக்கு எரிச்சல் வந்தது. இத்தனை மாதங்களாக அடக்கி வைத்திருந்த எரிச்சல்.

"நான் நல்லவள் இல்லை! உன்னுடைய லட்ஸைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரியும். நீ ஒருநாளாவது விழவேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் உன் பிழையை என் தலையில் போட்டுக்கொள்வேனா? என் பிழை என்றால் அது என் பிழைதான்!"

லினெட் வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு சிரித்துவிட்டாள். சிரிப்பு நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனாலும் நான் திரும்பிப் பார்த்திருக்கவேண்டும்," என்றாள்.

"பார்த்தாயா இல்லையா?"

"தெரியவில்லை. எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது."

"அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை ரிங்குக்கு வா. யோசித்து முடியாததைச் செய்து பார்ப்போம்."

ஞாயிறு காலை அப்பா காரை எடுத்தபோது அம்மாவும் ஏறிக்கொண்டார். மகளை விட்டுவிட்டு ஏவன்டேல் சந்தையில் கீரையும் கத்தரிக்காயும் வாங்குவது அவருடைய திட்டம். ரிங்குக்குள் எட்டிப் பார்த்தவர் லினெட்டைக் கண்டார். சந்தைக்குப் போகவில்லை. கைப்பையை அணைத்துக்கொண்டு தடுப்புச் சுவரோரம் நின்றுவிட்டார்.

லினெட் தன் சப்பாத்தைக் கொண்டுவரவில்லை. வாடகைக்குக் கொடுக்கிற பழுப்புச் சப்பாத்து ஒன்றை மாட்டிக்கொண்டு, புதிதாகப் பழகுகிறவள்போலச் சுவரைப் பிடித்தபடி இறங்கினாள்.

"தாவவேண்டாம்," என்றார் மாரியன். "வந்த வழியில் மட்டும் வா. மலர், நீ சுழன்றுவிட்டு அன்று போனதுபோலப் போ. இருவரும் மெதுவாக."

பாட்டு தொடங்கியது. லினெட் தயங்கித் தயங்கிப் புறப்பட்டாள். மலர் நடுவில் சுழன்றாள், வெளியே வந்தாள், பின்பக்கம் வழுக்கவேண்டிய இடத்தில் காலைக் கீழே வைத்து நின்றுவிட்டாள். பின்னால் பிளேட் சத்தம். முடியவில்லை.

"இன்னொருக்கா," என்றாள், தமிழில், யாருக்கென்றில்லாமல்.

இரண்டாம் தடவையும் நின்றாள். சுவரோரம் அம்மாவின் கை வாயைப் பொத்தியிருந்தது. "போதும் பிள்ளை, வா" என்று கூப்பிடுவார் என்று மலர் எதிர்பார்த்தாள். அவர் கூப்பிடவில்லை.

மூன்றாம் தடவை பாட்டு ஓடியபோது லினெட்டுக்குப் பழைய வேகத்தில் பாதி வந்துவிட்டது. நீண்ட வளைவில் பின்பக்கமாக வந்தவள், பாட்டில் வயலின் ஒருகணம் ஓய்கிற இடத்தில் தோளுக்கு மேலால் தலையைத் திருப்பினாள். அவள் நினைத்துத் திருப்பவில்லை. அது தானாகத் திரும்பியது. மூலை வெறுமையாக இருந்தது. நடுவில் மலர் இன்னும் சுழன்றுகொண்டிருந்தாள். லினெட் முகத்தை மறுபடி முன்னால் திருப்பினாள். அதன் பிறகுதான் மலர் சுழற்சியை விட்டு, வலது காலில் ஏறி, இடது காலைப் பின்னால் நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பாமல், அந்த மூலைக்குள் பின்பக்கமாகப் போனாள்.

"நில்லுங்கள்!" என்று மாரியன் கத்தினார்.

இருவரும் நின்றார்கள். முதுகுக்கும் முதுகுக்கும் இடையில் ஒரு கை தூரம்.

லினெட் மெல்லத் திரும்பினாள். "நான் பார்த்தேன்," என்றாள். "அந்த வயலின் ஓய்கிற இடத்தில் நான் எப்போதும் பார்ப்பேன். பார்த்தபோது நீ இங்கே இல்லை."

"அதைத்தானே நான் ஆறுமாதமாய்ச் சொல்லுறன்!" என்று மலர் தமிழில் கத்தினாள். லினெட்டுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் விளங்கிவிட்டது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே ஐஸில் விழுந்தார்கள். விழுந்த பிறகு சிரித்தார்கள். குளிர் உடுப்புக்குள் ஏறும்வரை எழும்பவில்லை.

மலர் எழும்பியபோதுதான் அவளுக்கு உறைத்தது: வேகமாகப் பின்னால் போய்விட்டாள்.

லினெட் சுவரோரம் வந்ததும் சரோஜாதேவி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்தார். ஆங்கிலத்தில் சொற்களைத் தேடினார்.

"அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மலர் நித்திரை இல்லை," என்றார். "நான் பொய் சொன்னேன்."

"எனக்குத் தெரியும்," என்றாள் லினெட். "அவளுடைய கண் திறந்திருந்தது."

சரோஜாதேவிக்கு வெட்கமாகப் போயிற்று. தன் கழுத்துச் சால்வையைக் கழற்றி, நனைந்திருந்த லினெட்டின் தோளில் போட்டுவிட்டார். பிறகு கணவரிடம் திரும்பி, "இந்தப் பிள்ளையையும் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போவம். பாருங்கோ, சாப்பிடாத முகம்" என்றார்.

காரில் ஏறியதும் மலர் கேட்டாள்: "நான் ரெண்டாந்தரம் நிண்டபோது ஏன் அம்மா என்னைக் கூப்பிடேல்லை?"

"கூப்பிட்டால் நீ வந்திடுவாய் எண்ட பயம்தான்."

அடுத்த வருடம் ஓகஸ்டில் ஓக்லாந்துப் போட்டி நடந்தது. லினெட் தன் பிரிவில் இரண்டாவதாக வந்தாள். மலர் தன் நிகழ்ச்சியில் கடினமான தாவல்கள் இரண்டை எடுத்துவிட்டிருந்தாள். இருந்த ஒரேயொரு இரட்டைத் தாவலில் இறங்கும்போது தள்ளாடினாள், விழவில்லை. காலையில் நடந்த எட்டுப் போடும் போட்டியில் இடது காலின் வட்டத்துக்கு நடுவர் ஒருவர் நல்ல புள்ளி கொடுத்தார். மொத்தத்தில் ஆறாவது இடம். அவளுக்கு முன்னும் பின்னும் வந்தவர்களை யாருக்கும் இன்று ஞாபகமில்லை, அவளையும் இல்லை. ஆனால் அவள் ஐஸைவிட்டு வெளியே வந்தபோது அம்மா கேட்டது, எத்தனையாவது என்றல்ல.

"நோகுதே?"

"இல்லை."

"உண்மையாய்?"

"உண்மையாய் அம்மா. மூச்சு இளைக்குது, அவ்வளவுதான்."

சரோஜாதேவி பெருமூச்சு விட்டுப் பக்கத்திலிருந்த கதிரையில் அமர்ந்தார். ஒரு வருடத்துக்கு மேலாக அவர் நின்றுகொண்டேயிருந்ததுபோல இருந்தது அந்த அமர்வு.  அப்பா மகளின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் பிசியோதெரபிஸ்ட் நாடாவால் இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்து பார்த்தார். இடது பக்கம் இன்னும் கொஞ்சம் மெலிவுதான். அது அப்படியே இருக்கும் என்றார்.

"அடுத்த முறை எப்போது வரவேண்டும்?"

"இனி வரவேண்டாம்."

வாசலுக்கு வெளியே வந்து மலர் அந்த இரண்டு சொற்களையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவளிடம் யாராவது இனி வரவேண்டாம் என்று சொல்லி அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மலர் இன்னும் இரண்டு வருடம் போட்டியிட்டாள். ஆறாவதைவிட மேலே ஒருபோதும் வரவில்லை. வங்கியில் பதவி உயர்ந்தது, பயிற்சி குறைந்தது, ஞாயிறுகளில் மட்டும், பாட்டில்லாமல், தன்பாட்டில் ஸ்கேட் செய்தாள். எண்பத்தெட்டில் லினெட் வேலை தேடி சிட்னிக்குப் போனாள். போனாலும் மாதமொருமுறை மவுண்ட் ஆல்பர்ட் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பாள். எடுப்பது அநேகமாக சரோஜாதேவிதான். சிட்னி வெயிலைப் பற்றி, லினெட்டின் புதிய காதலனைப் பற்றி, தைக்கக் கொடுத்த சட்டையின் அளவைப் பற்றி, இருவரும் நிறுத்தாமல் பேசுவார்கள்.

"அம்மா, அவள் எனக்குத்தானே எடுத்தவள்?" என்று மலர் கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

சரோஜாதேவி ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்புவார்.

"பொறு பிள்ளை. ஒரு கதை பாதியிலை நிக்குது."